தலையணை உறையில் போன அரணைகள்

ஓடிப்போனாளாம். சொல்கிறவர்களுக்கு வாய் வலிக்காதா என்று கேட்கிறேன். ஓடிப்போகிறவள் வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பு வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதே என்று நேராக்கி, கொக்கியை மாட்டி, "அத்தை, சோறு குக்கர்ல இருக்கு, ஆறறதுக்குள்ள சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டா ஓடுவாள்? அதற்கு ஓட்டம் என்றா பெயர்?

அடுத்தது நகை. வீட்டு நகையை எல்லாம் தலையணை உறையில் அள்ளிக் கட்டிக்கொண்டு போனாளாம். எங்கள் வீட்டு நகையைக் கட்டத் தலையணை உறை வேண்டாம், ஒரு தீப்பெட்டி போதும். அதிலும் பாதி காலியாகத்தான் கிடக்கும். உறைகளில் போனது அரணை. உயிரோடு, வாலும் காலுமாக, அரணை. உறைகள் என்னுடையவை. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

மூன்றாவது, தொப்பி போட்ட ஆம்பளை. தெருவில் ஜீப் நின்றது உண்மை. அதில் பேன்ட்டும் தொப்பியுமாக ஒருவர் காத்திருந்ததும் உண்மை. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து அதை ஆம்பளை என்று தீர்மானித்தவர்கள் முதலில் கண் டாக்டரைப் பார்க்கட்டும். தொப்பிக்குள் இருந்தது காலேஜில் பாடம் எடுக்கும் டீச்சரம்மா. பேரன் பேத்தி எடுத்தவர்.

என் மருமகளைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். கூடவே இருந்தவள் நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் வேலை புருவம் எடுப்பது. கடைத்தெருவில் துணிக்கடைக்கு மேலே இருக்கிறதே பார்லர், அதில். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கையிலும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னி, சரக் சரக்கென்று இழுப்பாள். வருகிறவர்கள் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஐயோ அம்மா என்பார்கள். அடுத்த மாதம் அவர்களே சிரித்த முகமாக வந்து நாற்காலியில் சாய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பார்லர் முதலாளியம்மா ஒரு சட்டம் சொல்லிவைத்தாளாம்: "மூஞ்சியைப் பாரு. வயசை மட்டும் கேக்காத." அந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் அவள் காலை வாரியது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை புருவத்தையே பார்க்கிறவளுக்கு ஆளை அடையாளம் தெரிவதும் புருவத்தால்தான். பெயர் நினைவிருக்காது. "வலது புருவ நுனியில சின்னத் தழும்பு, அந்த அக்கா இன்னிக்கு வந்தாங்க" என்பாள். அந்த அக்கா யார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நெற்றியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்பக்கம் ஒரு கல் சுவர். பாதி இடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை, இந்தப் பக்கம் துணி உலர்த்தும் கம்பி, இடையில் இலைக்குப்பை. அங்கே ஒருநாள் துணி காயப்போடப் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஈரத்துணி வாளியில் கிடக்கிறது, இவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரில் வெயில் காயும் ஒரு அரணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அத்தை, இதுக்குப் புருவம் இருக்கு."

"பல்லிக்கா?"

"பல்லி இல்ல, அரணை. பல்லிக்கு இமையே கிடையாது, நாக்காலதான் கண்ணைத் தொடைச்சுக்கும். இது பாருங்க, கண்ணு சிமிட்டுது. நமக்கு மேல் இமை கீழ வருது, இதுக்குக் கீழ் இமை மேல போகுது. கண்ணுக்கு மேல செதில் பாருங்க, வரிசையா, வெட்டி ஒட்டின மாதிரி."

"முடியே இல்லாத புருவத்தை நீ என்னடி பண்ணப்போற?"

"பாக்கப்போறேன்."

பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணி எல்லாம் வாளியிலேயே உலர ஆரம்பித்தது.

அவள் கணக்கில் அந்தச் சுவரில் மூன்று வகை. ஒன்று தடியன். கட்டைவிரல் கனம், தேய்த்த பித்தளை நிறம், விலாவில் கறுப்புப் பட்டை. முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடு இருக்கும், தடவினால் சொரசொரக்கும். தடவச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் சொல்லையே நம்பிவிட்டேன். இன்னொன்று குட்டைக்காலி. வழவழவென்று நீள உடம்பு, அதற்குப் பொருந்தாத துளித் துளிக் கால்கள், யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டிக்கொண்ட மாதிரி. இலைக்குள் நெளியும்போது கால் கண்ணில் படாது. பாம்புக்குட்டி என்று அடித்துப்போட்டுவிட்டு வீரம் பேசுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அடித்தது இதைத்தான். கடைசியாகச் செவ்வால். விரல் நீளம்தான் இருக்கும், உடம்பெல்லாம் கோடு, வால் மட்டும் மிளகாய்ப்பழச் சிவப்பு.

"குட்டைக்காலிக்குக் கீழ் இமையில ஜன்னல் இருக்கு அத்தை. கண்ணாடி மாதிரி. கண்ணை மூடிக்கிட்டே பாக்கும்."

"அதென்ன பெரிய அதிசயம்? நம்ம பில்டிங்ல எல்லாருக்கும் அது இருக்கு" என்றேன்.

இதில் வேடிக்கை, என் மகனுடைய தொழில். கரப்பானுக்கும் கரையானுக்கும் எலிக்கும் மருந்தடிக்கிறவன் அவன். முதுகில் டப்பா, கையில் குழாய். புருஷன் கொல்கிறான், பெண்டாட்டி எண்ணுகிறாள் என்று படிக்கட்டில் சிரிப்பார்கள். அவளுக்கு அரணைக்காரி என்று பெயர் வைத்தார்கள். என் மகனுக்கு வேறு பெயர் வைக்கும் அளவுக்குக்கூட அவர்களுக்கு மூளை ஓடவில்லை, அரணைக்காரி புருஷன் என்றே விட்டுவிட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். கீழ்வீட்டுக்காரியின் வீட்டுக்காரர் மயங்கி விழாமல் இருந்திருந்தால். காலையில் சுவரோரம் போனவர் காலடியில் தடியன் ஒன்று குறுக்கே ஓட, அந்த மனிதர் மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து காப்பி கேட்டார். ஆனால் கீழ்வீட்டுக்காரி விடவில்லை. அன்று சாயங்காலமே மொட்டைமாடியில் கூட்டம்.

"என் வீட்டுக்காரரை அது நக்கிடுச்சு! அரணை நக்கினா ஆள் பிழைக்கறதே கஷ்டம்!"

"எங்கக்கா நக்குச்சு?" என்று என் மருமகள் கேட்டாள்.

"கால்ல."

"ஷூ போட்டிருந்தாரே?"

"ஷூ மேலதான் நக்குச்சு!"

"ஷூ பிழைச்சுக்குச்சா?" என்று நான் விசாரித்தேன்.

கட்டிடத்துக்கு ஒரு செக்ரட்டரி இருக்கிறார். பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைப்பார், அந்தக் கனைப்பில் இருக்கும் விஷயம் பேச்சில் இருக்காது. "சுவரை இடிச்சிடலாம். மருந்தடிச்சு, சிமென்ட் போட்டுட்டா வண்டி நிறுத்தவும் ஆச்சு" என்றார். யாருடைய வண்டி என்று கேட்காதீர்கள். அவருக்கு ஒன்று, கீழ்வீட்டுக்காரிக்கு ஒன்று. மருந்தடிக்க ஆளும் கட்டிடத்திலேயே இருக்கிறான் என்று எல்லாரும் என் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வானத்தைப் பார்த்தான்.

என் மருமகள் எழுந்தாள். "கொஞ்சம் பொறுங்க சார். ஒரே சுவத்துல மூணு வகை இருக்கு. காலேஜ்லேர்ந்து ஒரு மேடம் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அது பொய் இல்லை. டீச்சரம்மா அவளுக்குக் கிடைத்தது பார்லர் நாற்காலியில். நூல் இழுத்துக்கொண்டே இவள் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் அரணைப் புருவத்தைப் பற்றி அளந்துகொண்டிருக்க, கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மா சடாரென்று எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னே? கண்ணுக்கு மேல செதிலை எண்ணினியா? சும்மா கண்ணாலயா?"

"அசையாதீங்க மேடம், பாதிப் புருவம்தான் முடிஞ்சிருக்கு."

"புருவம் கிடக்கட்டும், கீழ் இமையைப் பாத்தியா?"

"ஒண்ணுக்கு ஜன்னல் இருக்கு மேடம். படுங்க."

அந்த அம்மா அரணை, பல்லி, ஓணான் இவற்றை வகை பிரித்துப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர். உலகத்தில் அப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. பரீட்சை வேலை முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்று, ஒரு புருவம் சிவந்தபடி சொல்லிவிட்டுப் போனாராம்.

செக்ரட்டரி கனைத்தார். "காலேஜ்லேர்ந்தா? பேப்பர்ல வருமா?"

"வரலாம் சார்."

அவ்வளவுதான். மனிதர் அப்படியே கட்சி மாறிவிட்டார். மறுநாளிலிருந்து பால்காரரிடமும் தபால்காரரிடமும், "எங்க சுவத்துல மூணு வகை. மூணு!" என்று விரலைக் காட்ட ஆரம்பித்தார். சுவரில் ஒரு பலகை தொங்கியது. 'அரிய மூவகை அரணைகள் வாழுமிடம், கல் எறியாதீர்' என்று அதில் இருப்பதாகப் படித்தவர்கள் சொன்னார்கள். அதற்குக் கீழே அவர் பெயர் இருந்தது. படிக்கத் தெரியாத எனக்கே அதுதான் பெரிய எழுத்து என்று தெரிந்தது. மொட்டைமாடியில் எல்லார் முன்னாலும் வாக்கும் கொடுத்தார்: "மூணு வகை இருக்கற வரைக்கும் சுவரும் இருக்கும்." கீழ்வீட்டுக்காரி வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

சுவர் பிழைத்தது என்று நினைத்தோம்.

டீச்சரம்மா வருவதற்கு முந்தின வாரம், ஒருநாள் காலையில் என் மருமகள் துணி வாளியோடு போய், வாளியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்ன தப்பு?"

"வந்து பாருங்க."

இழுத்துக்கொண்டு போனாள். கல்லுக்கு அடியில் ஒன்று. அடிவாலில் மண் நிறம், நுனியில் மட்டும் சிவப்பு மிச்சம், சாயம் போன புடவைக் கரை மாதிரி. முதுகில் கோடுகள் கலைந்து புள்ளியாகிக்கொண்டிருந்தன. கால்கள் துளித் துளி.

"இது செவ்வால்தானே?" என்றேன்.

"செவ்வாலும் இதுதான், குட்டைக்காலியும் இதுதான். சின்னதுல சிவப்பு வால், வளர வளர போயிடுது. அது குழந்தை, இது பெரிசு. ரெண்டுக்கும் புருவச் செதில் ஒண்ணு, இமையில ஜன்னல் ஒண்ணு. பார்லருக்கு அம்மாவும் பொண்ணும் சேர்ந்து வந்தா, சொல்லாமலே கண்டுபிடிச்சிருவேன் அத்தை, புருவத்தை வச்சு. இதுல கோட்டை விட்டுட்டேன். வால் சிவப்பா இருக்கேன்னு அதையே பாத்துட்டேன். வயசு என்னன்னு ஒரு தடவைகூட யோசிக்கல."

வருகிறவர்களுடைய வயதைக் கேட்காதே, கேட்காதே என்று வருஷக்கணக்காக வளர்த்துவிட்டார்கள். மனிதர்களிடம் காட்டிய அந்த மரியாதையை இவள் அரணைகளிடமும் காட்டியிருக்கிறாள். வேறு யாரும் செய்யாத தப்பு.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் மகன் சொன்னான்: "இப்ப யார் உன்னைக் கேட்டா? மூணுன்னு பலகை தொங்குது, தொங்கட்டும். நீ வாயைத் திறந்தா சுவர் போச்சு. மருந்தடிக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க, அதுவும் தெரியுமில்ல?"

"பேசாம இரு பாப்பா" என்று நானும்தான் சொன்னேன். "அந்த அம்மா வந்தா காப்பி கொடுத்து அனுப்பிடலாம். வாலைத் தூக்கி யார் பாக்கப்போறாங்க?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஒரு பக்கம் புருவம் தெரியாத்தனமா மெலிசாயிட்டா, இன்னொரு பக்கத்தையும் மெலிசாக்கி மறைக்கற ஆளுங்க இருக்காங்க அத்தை. அப்புறம் ரெண்டு பக்கமும் தப்பு. நான் அப்படி எடுக்கறதில்ல."

"அது புருவம்டி!"

"ஆமா அத்தை."

அத்தை என்று மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பதும் அதே குரல்தான், யாரிடம் கற்றுக்கொண்டாளோ.

டீச்சரம்மா வந்த அன்று செக்ரட்டரி மடிப்புக் கலையாத சட்டையில், பலகையின் பக்கத்தில், போட்டோவுக்கு நிற்கும் தோரணையில் நின்றார். ஜீப்பிலிருந்து அந்த அம்மா இறங்கித் தொப்பியைச் சரிசெய்வதற்குள், என் மருமகள் முன்னால் போய் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லிவிட்டாள். "மேடம், மூணு வகை இல்ல. ரெண்டுதான். குட்டியையும் பெரிசையும் நான் தனித்தனியா எண்ணிட்டேன்."

செக்ரட்டரியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. "என்னம்மா, அரணைக்குத்தான் மறதிம்பாங்க. நேத்து மூணுன்னே, இன்னிக்கு ரெண்டுங்கறே?"

"மறக்கல சார். தப்பாப் பாத்துட்டேன்."

அவர் டீச்சரம்மாவிடம் திரும்பினார். "ரெண்டா இருந்தாலும் அபூர்வம்தானே மேடம்? பேப்பர்ல போடலாம்தானே?"

அந்த அம்மா குனிந்து, கல்லைப் புரட்டி, ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணிமையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று என் மனது அடித்துக்கொள்ளும்போதே சொன்னார்: "ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. அபூர்வம்லாம் இல்ல. எல்லா இடத்துலயும் கிடைக்கற வகைதான்."

இரண்டு பேரும் ஒரே அச்சு. ஒன்று போதாதென்று இன்னொன்று.

பலகையைச் செக்ரட்டரி தம் கையாலேயே கழற்றினார். வரும் திங்கட்கிழமை சுவர் இடிப்பு, அதற்கு முன் மருந்து. கீழ்வீட்டுக்காரியின் வாய் இப்போது நேராகிவிட்டது. என் மருமகள் கம்பியில் இருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். காயாத துணியையும் மடித்தாள்.

டீச்சரம்மா ஜீப்பில் ஏறவில்லை. துணி மடிக்கிறவள் பக்கத்தில் போய் நின்றார்.

"காட்டோரமா ஒரு பழைய கல்குவாரி இருக்கு. இதே ரெண்டு வகையும் அங்க இருக்கு. சாதாரணமா இடம் மாத்தக் கூடாது. ஆனா இங்க விட்டா சாவுதான். பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுடலாமா?"

"விடலாமா மேடம்?"

"இன்னொண்ணு. மழை முடியற வரைக்கும் அங்கதான் எங்க முகாம். பிடிச்சு, வகை பாத்து, திரும்ப விடணும். என்கூட வந்த ரெண்டு பசங்களும் அட்டை கடிக்குதுன்னு ஓடிட்டாங்க. எனக்குக் கண்ணு இருக்கற ஆள் வேணும். சம்பளம் உண்டு, சொகுசு கிடையாது. அட்டைன்னா பயமா?"

"நூல் இழுக்கறப்ப கஸ்டமர் கடிச்சே பாத்திருக்கேன் மேடம்."

பெரிய நீதி எதுவும் இதில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். உண்மை பேசினாள், அதனால் வேலை கிடைத்தது என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். அட்டை நன்றாகக் கடித்தது, அதனால் வேலை கிடைத்தது.

என் மகன் இரவெல்லாம் புரண்டுவிட்டுக் காலையில் வந்து என்னிடம் கேட்டான்: "ஊர் என்னம்மா சொல்லும்?"

"ஊர் இப்ப மட்டும் என்ன வாயை மூடிக்கிட்டா இருக்கு? என்ன சொன்னாலும் கேட்டுக்க நான் இருக்கேன். நீ போய் அரணை பிடி."

பிடித்தான். வெயில் ஏறிச் சூடு பிடித்துவிட்டால் அரணை கையில் சிக்காது என்பதால் விடியும்போதே போனார்கள். எந்தப் பூச்சி எந்தப் பொந்தில் நுழைந்து எதில் வெளியே வரும் என்பது மருந்தடிக்கிறவனுக்கு அத்துப்படி. பொந்தை ஒரு பக்கம் துணியால் அடைத்து, மறுபக்கம் என்னுடைய தலையணை உறையைப் பிடித்தான். வாலைப் பிடிக்காதீங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவன் வாலைத்தான் பிடித்தான். வால் அறுந்து அவன் உள்ளங்கையில் தனியாகத் துள்ள, எத்தனையோ வீட்டு எலியைத் துரத்தியவன், "அம்மா!" என்று கத்திக்கொண்டு கம்பியில் மோதினான். அரணை வாலில்லாமல் உறைக்குள் போனது. அதற்கு மறுபடி முளைக்கும். இவன் மானத்துக்குத்தான் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். பையில் இரண்டு செட் துணி, ஒரு நூல்கண்டு. நூல் எதற்கு என்றேன். மேடத்துக்கு அந்தப் பக்கப் புருவம் இன்னும் பாக்கி என்றாள். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை நேராக்கினாள், சோறு குக்கரில் இருப்பதைச் சொன்னாள். ஒரு கையில் இரண்டு உறை, இன்னொரு கையில் இரண்டு உறை, வாய் கட்டி, மெல்ல அசைந்துகொண்டு. என் மகன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். நான் படிக்கட்டின் மேலே நின்றேன்.

கீழ்வீட்டுக்காரி பாதிப் படியில் வழிமறித்தாள்.

"என்ன, மூட்டை எல்லாம் பலமா இருக்கு? மாமியார் வீட்டுச் சொத்தா?"

"ஆமாக்கா."

"அப்படி என்ன சொத்து? காட்டேன்."

என் மருமகள் நின்றாள். ஒரு கை உறைகளை அவள் மூக்குக்கு நேராக உயர்த்தினாள். "காட்டக் கூடாதுக்கா, தொட்டுப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் ஷூவை நக்கினது இதுல ஒண்ணுதான். எதுன்னு சொன்னீங்கன்னா தனியா வச்சிடறேன்."

அந்த நேரம் பார்த்து உறைக்குள் தடியன் ஒன்று புரண்டது.

ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். அத்தனை படிகளையும் அந்த உடம்பு எப்படித் தாண்டியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கதவு சாத்திய சத்தத்தில் செக்ரட்டரி மேல்மாடியில் கனைத்தார். கீழ்வீட்டுக்காரிக்குத் தான் ஓடியதை மறைக்க வேண்டாமா? அதற்குத்தான் அன்று சாயங்காலத்துக்குள் என் மருமகளை ஓடினவளாக்கி, உறைக்குள் நகையைப் போட்டு, ஜீப்பில் ஒரு ஆம்பளையையும் ஏற்றிவிட்டாள்.

ஓடினது யார் என்று சந்தேகம் இருக்கிறவர்கள் என் வீட்டுக்கு வரலாம். படியில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை கேட்டு வரவில்லை. வந்தால் கொடுத்துவிடுவேன், நான் கெட்டவள் இல்லை.

என் மருமகள் அந்தச் செருப்பைப் பார்த்துத் தாண்டி, உறைகள் சுவரில் இடிக்காமல் இரண்டு கையையும் அகல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, வாசலைக் கடந்து நடந்து போனாள்.